எங்கள் கிரவுண்டுக்கு அருகம்புல்லே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்தில் செயற்கைப் புல் போட்டு, சுற்றி கம்பிவலை கட்டி, நாலு மூலையிலும் விளக்கு வைக்கப் போகிறார்கள் என்று போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன். ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கிழக்கே வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. நான் விவசாயி. பதினெட்டு வருஷம் அந்த மைதானத்தில் கால்பந்தில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரனாக ஆடினேன், இப்போது காலையிலும் சாயங்காலமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பையன்கள் இருபத்தைந்து பேர், பெண் பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் அப்பா அம்மா கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மைதானத்துக்குப் பணம் ஒதுக்கியதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். இத்தனை வருஷம் ஒரு கோல் போஸ்ட்டுக்கு வலை வாங்கக்கூட நாங்கள் துண்டேந்தித்தான் வசூல் செய்தோம். அந்தப் பணத்தைப் பிளாஸ்டிக்கில் போட வேண்டாம், மண்ணில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டர்ஃப் என்கிற இந்தச் செயற்கைப் புல் தரை எப்படி இருக்கும் என்று தெரியாமல் பேசவில்லை. பக்கத்து டவுனில் வாடகைக்கு விடுகிற ஒரு டர்ஃப் இருக்கிறது, பெயர் வேண்டாம். போன வருஷம் ஏப்ரலில் ஒரு ஐவர் போட்டிக்காக எங்கள் பெண் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். மதியம் இரண்டரை மணிக்கு ஆட்டம். என் மகள் ஒரு பந்தைத் தடுக்கச் சறுக்கினாள், எங்கள் மண்ணில் தினமும் சறுக்குகிற அதே சறுக்கல்தான். எழுந்தபோது முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழித்துப் போயிருந்தது. மண்ணில் விழுந்தால் வருகிற சிராய்ப்பு மாதிரி இல்லை, இஸ்திரிப் பெட்டி பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. "அப்பா, எரியுதுப்பா, எரியுதுப்பா" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. குனிந்து அந்தப் புல்லில் கையை வைத்தேன், பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். புண் ஆற மூன்று வாரம் ஆனது, பொருக்கு கால் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் இரண்டு தடவை திரும்பப் புண்ணானது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றி உதறினால் திண்ணையெல்லாம் கறுப்புக் குருணை. பூச்சி மருந்துக் குருணை மாதிரியே இருக்கும், விரலில் வைத்து நசுக்கினால் ரப்பர். என் மனைவி இரண்டு நாள் கூட்டினாள், துவைக்கிற கல்லிலும் கிடந்தது, கிணற்றடிச் சாக்கடையிலும் கிடந்தது. ஒரு பிள்ளையின் காலில் ஒரு மணி நேரத்தில் வந்தது இவ்வளவு.

அந்தக் குருணை என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கால்பந்துக்குப் போடுகிற செயற்கைப் புல்லில் இழை ஐந்து, ஆறு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது தானாக நிற்காது, நடுவில் மணலையும் ரப்பர் துகளையும் கொட்டித்தான் நிமிர்த்தி வைக்கிறார்கள். பெரும்பாலும் பழைய வண்டி டயரை அரைத்து எடுத்த துகள்தான் அது. முழு அளவு மைதானம் ஒன்றுக்கு டன் கணக்கில் வேண்டும். மழையிலும் காற்றிலும் ஷூவிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டே இருப்பதால் அவ்வப்போது திரும்பவும் கொட்ட வேண்டும். இப்படி வெளியே போகிற துகள் மண்ணிலும் தண்ணீரிலும் சேருகிறது என்பதற்காகத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எட்டு வருஷ அவகாசம் கொடுத்து, 2031-க்குப் பிறகு மைதானத்துக்கு இந்தத் துகளை விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே வேண்டாம் என்று முடிவு செய்த பொருளை நாம் இப்போது புதிதாக வாங்கி, அதுவும் வாய்க்காலை ஒட்டிக் கொட்டப் போகிறோம்.

எங்கள் மைதானத்துக்குத் தெற்கே பாசன வாய்க்கால், கிழக்கே வடிகால், அதைத் தாண்டினால் நடவு வயல். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், வாய்க்காலும் மைதானமும் ஒன்றாகிவிடும், இது வருஷா வருஷம் நடப்பது. அப்போது அந்தக் குருணை எங்கே போகும்? தண்ணீரோடு அடித்துக்கொண்டு வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து சம்பா வயலுக்கு. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து 2020-ல் சட்டமே போட்டோம். வயலுக்கு நடுவில் அரைத்த டயரைக் கொட்டுவதை அந்தச் சட்டம் தடுக்கிறதோ இல்லையோ, அது எதற்காக வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் சூடு. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். நேர் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு சர்வ சாதாரணமாக 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உயிருள்ள புல் தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது, பிளாஸ்டிக்குக்கு அது தெரியாது. தண்ணீர் தெளித்தால் தணியும்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். 2015-ல் பெண்கள் உலகக் கோப்பையைக் கனடாவில் முழுக்கச் செயற்கைப் புல்லில்தான் நடத்தினார்கள். எட்மன்டனில் நடந்த முதல் ஆட்டத்தில் தரையின் வெப்பம் 49 டிகிரி இருந்ததாகச் செய்தி வந்தது, அது கனடா! அதற்கு முந்தைய வருஷமே ஏபி வாம்பாக் உள்ளிட்ட வீராங்கனைகள், ஆண்கள் உலகக் கோப்பைக்கு ஒரு நாளும் போடாததை எங்களுக்கு மட்டும் ஏன் போடுகிறீர்கள் என்று கனடாவில் வழக்கே போட்டார்கள், பிறகு போட்டி நெருங்கிவிட்டதால் திரும்பப் பெற்றார்கள். அதற்கும் முன்னால், 2013-லேயே சிட்னி லெரூ என்ற வீராங்கனை, டர்ஃபில் ஆடி ரத்தம் கட்டின தன் கால்களைப் படமெடுத்துப் போட்டிருந்தார். என் மகளின் முழங்காலைப் பார்த்த பிறகுதான் அந்தப் படத்தின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

நம் பிள்ளைகளுக்கு நாள் பூரா விளையாட எப்போது நேரம்? முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரைக்கும்தான். கோடைப் பயிற்சி முகாமும் அப்போதுதான், அக்னி நட்சத்திரமும் அப்போதுதான். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பத்துப் பேருக்காவது ஷூ கிடையாது, வெறுங்காலோடு ஆடுகிறார்கள், அதுவும் நன்றாக ஆடுகிறார்கள். அந்தத் தரையில் வெயில் ஏறின பிறகு அவர்களால் நிற்கவே முடியாது. பகல் பூரா கிடைக்கிற மைதானத்தை எடுத்துக்கொண்டு, வெறுங்காலுக்கு ராத்திரி இரண்டு மணி நேரம் கொடுக்கிற கதை இது.

ஊரில் இதைப் பேசினால் உடனே ஹாக்கியை இழுக்கிறார்கள். "1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது, நாம் புல்லிலேயே ஆடிப் பழகினதால் ஏழாவது இடத்துக்குப் போனோம், 1928-லிருந்து வாங்கிவந்த மெடல் அன்றைக்கு நின்றது, கால்பந்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது" என்கிறார்கள். ஹாக்கியைப் பொறுத்தவரை அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது, அங்கே உலகமே செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. கால்பந்து போகிற பாதையோ நேர் எதிர். இங்கிலாந்தில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 1981-ல் பிளாஸ்டிக் தரை போட்டது, பார்த்துவிட்டு இன்னும் மூன்று கிளப்புகள் போட்டன, பந்து கண்டபடி எகிறுகிறது, தோல் உரிகிறது என்று எல்லாவற்றையும் பிறகு பெயர்த்தார்கள். இப்போதைய டர்ஃப் அதைவிட எவ்வளவோ மேல்தான், 2004-லிருந்து கால்பந்து விதிப் புத்தகமே அனுமதிக்கிறது, பச்சை நிறமாக மட்டும் இருக்க வேண்டும் என்று. ஆனாலும் நெதர்லாந்து தன் முதல் லீக்கில் 2025-26 சீசனிலிருந்து வேண்டாம் என்றுவிட்டது, ஸ்காட்லாந்து 2026-27-லிருந்து. 2026 உலகக் கோப்பைக்குத் தேர்வான அமெரிக்க அரங்குகளில் செயற்கைத் தரை இருந்த இடத்திலெல்லாம் இயற்கைப் புல் வேண்டும் என்றுதான் ஃபிஃபா கேட்டது. நம் நாட்டிலேயே கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் போட்டிருந்த செயற்கைத் தரையை, 2017-ல் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் பெயர்த்துவிட்டுப் புல் வளர்த்தார்கள். இறுதி ஆட்டம் அந்தப் புல்லில்தான் நடந்தது.

செயற்கைப் புல்லே எங்கும் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐசால் மாதிரி மலை ஊரில் தட்டையான இடமே அபூர்வம், மழையோ மாசக்கணக்கில், இருக்கிற ஒரு மைதானத்தில் ஊரே ஆட வேண்டும், அங்கே அதுதான் சரி, மிசோரமிலிருந்து எத்தனை ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறோமே. வருஷத்தில் பாதி பனி மூடுகிற நார்வேக்கும் சரி. நல்ல புல் தரை வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் தாங்குவது கஷ்டம், செயற்கைத் தரை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும், மழை விட்ட கையோடு ஆடலாம், இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் நம் மண்ணும் வெயிலும் வேறு. புல் முளைக்காத ஊரா இது? வரப்பில் காலை வைத்தால் புல், களை எடுத்துக் களை எடுத்து நம் பெண்களுக்கு முதுகு போகிறது.

இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். வெயில் நாடுகளில் உள்ள பெரிய மைதானங்களில் போடுகிறார்களே பெர்முடா புல், அது வேறு எதுவும் இல்லை, நம் அருகம்புல்தான். சைனோடான் டாக்டிலான் என்பது அதன் தாவரப் பெயர். அதையே ஆப்பிரிக்க வகை ஒன்றோடு கலப்பினம் செய்து அமெரிக்காவில் டிஃப்டன் என்ற ஊரில் புது ரகங்கள் எடுத்தார்கள், அவைதான் உலகம் பூராவும் போகின்றன. கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படர்வதால் ஸ்டட் ஷூ கிழித்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று கல்யாணத்தில் சும்மாவா வாழ்த்தினார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் மைதானத்தில் விழுந்த மரங்களை இழுத்துப் போட்டிருந்தோம், நிவாரண லாரிகள் வரிசையாக நின்றன, டயர் பள்ளம் கணுக்கால் ஆழம். யாரும் ஒன்றும் செய்யவில்லை. பொங்கல் முடிந்து போய்ப் பார்த்தால் பள்ளத்தின் விளிம்பிலிருந்து அருகு இரண்டு பக்கமும் கை நீட்டி இறங்கிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் தண்ணீர் உப்பாக இருந்தால் அதற்கும் ஒரு புல் இருக்கிறது, பாஸ்பாலம் என்று, கத்தாரில் 2022 உலகக் கோப்பையை அதில்தான் ஆடினார்கள்.

சரி, அப்படியானால் எங்கள் மைதானம் ஏன் மொட்டையாகக் கிடக்கிறது என்று கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அறுவடை நேரத்தில் அங்கே நெல் காய்கிறது, குற்றம் சொல்ல முடியாது, களத்துமேடு போதவில்லை. கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் குழி தோண்டினால் யாரும் மூடுவதில்லை. பொருட்காட்சிக்கு லாரி வருகிறது. கோல் போஸ்ட் பத்து வருஷமாக ஒரே இடத்தில் நட்டிருப்பதால் கீப்பர் நிற்கிற இடம் குழியாகிவிட்டது. இதற்கெல்லாம் மேலாக ஒன்று. எங்கள் மண் சுத்தக் களி. மழையில் சேறு, சித்திரையில் கை நுழைகிற வெடிப்பு. மைதானத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் பல வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னார், "தம்பி, தண்ணி நிக்கிற எடத்துல அருகு நிக்காது, கோரைதான் நிக்கும். மொதல்ல தண்ணிய வடிய வுடு." அவ்வளவுதான் விஷயம். வயலில் தண்ணீரை நிறுத்தவும் வடிக்கவும் தெரிந்த ஊர், விளையாட்டு மைதானத்தில் மட்டும் அதைச் செய்யவே இல்லை.

இந்தக் களி செயற்கைப் புல்லுக்கு மட்டும் இடம் கொடுக்குமா என்ன? ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி அடியில் அசைந்துகொண்டே இருக்கும். ஜல்லி போட்டுக் கெட்டித்து அதன்மேல் விரித்தாலும் அடித்தளத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் தரை மேடு பள்ளமாகும், ஒட்டின இடம் வாயைப் பிளக்கும். எல்லாம் சரியாகச் செய்தாலும் எட்டு, பத்து வருஷத்தில் இழை தேய்ந்து மொத்தத்தையும் சுருட்டி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அந்தப் பழைய சுருளை எங்கே போடுவார்கள் என்று திட்ட மதிப்பீட்டில் ஒரு வரிகூட இருக்காது, நான் பந்தயம் கட்டுகிறேன்.

என் கணக்கைச் சொல்கிறேன். ஆடுகளம் 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்றால் 7,140 சதுர மீட்டர், ஒன்றேமுக்கால் ஏக்கர், எங்கள் பேச்சில் ஐந்து மா சொச்சம். கோல் போஸ்ட்டிலிருந்து கோல் போஸ்ட் வரை நடு முதுகை உயர்த்தி, இரண்டு பக்கக் கோட்டுக்கும் நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுத்தால் நடுவில் ஒரு அடிக்குச் சற்று மேல் உயரம் வேண்டும். வயலைச் சமன் செய்கிற லேசர் லெவலர் இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது, அதை ஓட்டத் தெரிந்த பையன்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பக்கவாட்டில் ஜல்லி நிரப்பின கால்வாய், அதிலிருந்து வடிகாலுக்கு ஒரு குழாய், வெள்ளம் திரும்பி ஏறாமல் வாயில் ஒரு மதகுப் பலகை. மைதானத்தைச் சுற்றி ஒன்றரை அடி வரப்பு. மேலே மணலும் மக்கின எருவும் கலந்து மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் வெடிப்பு குறையும். அருகுக்கு விலை இல்லை. தண்ணீர்தானே கேட்பார்கள், ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டர் என்றால் 35,700 லிட்டர், ஒரு போர் செட் சில மணி நேரம் ஓடினால் முடிந்தது, அதுவும் கோடையில் மட்டும்தான் அடிக்கடி வேண்டும்.

இதோடு ஓர் ஆள் வேண்டும். மாசச் சம்பளத்தில், புல் வெட்டுகிற மெஷினோடு, மழைக்கு மறுநாள் கிரவுண்டைப் பூட்டுகிற அதிகாரத்தோடு. நாங்கள் கேட்பதிலேயே முக்கியமானது இதுதான். இந்த ஆள் இல்லாததால்தான் நம் பக்கம் எத்தனையோ மைதானம் கெட்டது. செயற்கைப் புல்லுக்கும் ஆள் வேண்டும், துகளைச் சீப்பு போட்டு வார வேண்டும், தரை இறுகாமல் பார்க்க வேண்டும், "பராமரிப்பே தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோல் போஸ்ட்டை நகர்த்துகிற மாதிரி வாங்கினால் மாசத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றலாம். நெல் காயவைக்கத் தனியாக ஒரு களம் கட்டிக்கொடுங்கள், அதற்கு ஆகிற செலவு டர்ஃபுக்கு ஆவதில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

கம்பிவலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கில் செலவு செய்து போட்ட பிறகு அதைப் பூட்டாமல் விட மாட்டார்கள், அது இயல்பு. பூட்டினால் சாவி ஒருவர் கைக்குப் போகும், பராமரிப்புச் செலவுக்கு என்று மணிக்கு இவ்வளவு என வரும். பக்கத்து டவுன் டர்ஃபில் நாங்கள் மணிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தோம். வேலைக்குப் போகிற இளைஞர்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள், ராத்திரி ஆட அவர்களுக்கு அது நல்ல வசதி, அதைக் குறை சொல்லவில்லை, தனியார் நடத்தட்டும். ஆனால் பொது மைதானத்தில் களை பறிக்கிறவரின் மகள் எந்தக் காசைக் கொடுப்பாள்? இன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் விட்டதும் பையை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு நேராக ஓடி வருகிறாள், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வருகிறது என்று சொன்னார்கள். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் உறுப்பினர்கள் எல்லாரும் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு ஏதாவது ஒரு டர்ஃபுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பார்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன், நானும் கூட வருகிறேன். மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் மண் வேலையை முடித்துக்கொடுத்தால் ஆடி மழைக்கு அருகு பிடித்துவிடும். நாற்பது வீட்டில் பேசிவிட்டேன், கூலி இல்லாமல் வந்து அருகு நட்டுத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், பாதிப் பேர் நடவு நடுகிற பெண்கள். கன்றுக்கு என் வரப்பிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. பேரூராட்சி சரிவும் வடிகாலும் அந்த ஒரு ஆளும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய லெஃப்ட் பேக்,
நீடாமங்கலம் பகுதி, திருவாரூர் மாவட்டம்.